காக்கிப் பைக்குள் ஒரு பெயர்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் நீங்கள் பார்க்கிற மாடி வீடுகளில் பாதியை நான்தான் எழுப்பினேன்.

பொய். ஒரு செங்கல்லைக்கூட நான் ஒழுங்காக வைத்தது கிடையாது. ஒருமுறை ஆசைப்பட்டு வைத்தேன். மேஸ்திரி அந்தச் செங்கல்லை எடுத்து ஓரமாகப் போட்டார், பிறகு என்னையும் பிடித்து அதன் பக்கத்திலேயே உட்காரவைத்தார். நம் கட்டடச் சங்கத்தில் நான் பார்த்த பெரிய வேலை, ஒரு காக்கிப் பைக்குள் கையை விட்டு ஒரு டோக்கனை வெளியே எடுத்ததுதான். மற்ற நேரத்தில் டீ வாங்கி வந்தேன், பெஞ்சு துடைத்தேன், பெஞ்சிலேயே தூங்கினேன்.

சங்கத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தைச் சொல்ல வேண்டுமாம், ஆண்டு மலரில் போடுவார்களாம். நான் பேசுகிறேன், சங்க ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கிற ரேவதி என் வீட்டுக்கே வந்து, எதிரில் உட்கார்ந்து போனில் பிடிக்கிறாள். அச்சில் வரும்போது நல்ல தமிழாகிவிடும். "நீங்க பேசறத அப்டியே போட்டா மலரைக் கையால தொட மாட்டாங்க தாத்தா" என்கிறாள். இருக்கட்டும். நான் பேசுவதை அப்படியே கேட்டுக்கொண்டு இத்தனை வருஷமாக ஒருத்தி என்னோடு குடித்தனம் செய்கிறாள். அவளுக்கு மலர் மாலையாக விழ வேண்டும்.

சங்கம் ஆரம்பித்த தேதி, ஆரம்பித்தவர் பெயர் எல்லாம் ஆபீஸ் சுவரில் போர்டாக மாட்டியிருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். நான் பெரியவர்கள் வாயால் கேட்டது இதுதான். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவனுக்கும், காசிமேட்டில் கூடை வைத்து மீன் விற்றவளுக்கும், வண்ணாரப்பேட்டையில் சட்டை தைத்த பாய்க்கும் வீடு கட்ட எவரும் கடன் கொடுக்கவில்லை. சம்பளச் சீட்டு எங்கே என்று கேட்டார்கள். சம்பளமே பாதி நாள் வராது, சீட்டு எங்கிருந்து வரும்? அதனால் அவர்களே முப்பது பேராகச் சேர்ந்து ஒரு குழு வைத்துக்கொண்டார்கள். மாதாமாதம் ஆளுக்குக் கொஞ்சம் போடுவது. மூன்று மாதம் சேர்ந்தால் ஒரு வீட்டுக்கு ஆகும். அந்த வீடு யாருக்கு? அதற்குத்தான் குலுக்கல். பெயர் வந்தவர் தன் மனையில் வீடு எழுப்புவார். எழுப்பிய பிறகும் முப்பதாவது ஆளுக்கு வீடு வரும் வரைக்கும் தன் பங்கைப் போட்டுக்கொண்டே வருவார்.

வீடு கிடைத்ததும் ஓடிப்போக மாட்டார்களா என்று போன வாரம் ஒரு தம்பி என்னைக் கேட்டான். ஓட முடியாது. கூரைக்குக் காங்கிரீட் போடும் நாளில் முப்பது பேரும் வந்து நிற்பார்கள். இன்னும் வீடு வராதவர்கள்தான் முதல் ஆளாக வருவார்கள். வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கை மாற்றிக் கை மாற்றி மேலே அனுப்புவார்கள். தன் தலைக்கு மேல் இருக்கிற கூரையில் இருபத்தொன்பது பேர் வேர்வை விழுந்திருக்கிறது என்று தெரிந்தவன் எங்கே ஓடுவான்? டோல்கேட் தாண்டுவதற்குள் பத்துப் பேர் நலம் விசாரிப்பார்கள்.

முதலில் குலுக்கலுக்குச் சீட்டுதான் எழுதிப் போட்டார்களாம். ஒரு மழைக்காலத்தில் இரண்டு சீட்டு ஒட்டிக்கொண்டு வந்து, இரண்டு பேரும் தனக்குத்தான் என்று சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அதோடு சீட்டு ஒழிந்தது. துறைமுக ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த ஒரு உறுப்பினர் பித்தளையில் வட்ட வட்டமாக டோக்கன் வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பெயரை உளியால் ஆழமாகக் குத்திக் கொடுத்தார். தையல்கார உறுப்பினர் காக்கித் துணியில் பை தைத்தார், முழங்கை வரைக்கும் போகிற பை.

அப்போது சங்கத்துச் செயலாளராக இருந்தவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஒரு விதி வைத்திருந்தார். டோக்கனை எடுக்கிறவனுக்குப் படிக்கத் தெரியக் கூடாது, படிக்கிறவன் குலுக்கலில் பைக்குள் கையை விடக் கூடாது. எடுத்தவன் பெயரைப் பார்த்துவிட்டு உள்ளே போட்டான் என்று யாரும் பேசிவிடக் கூடாது அல்லவா? அதனால் எழுத்து தெரியாத ஆளாகத் தேடினார்கள். கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த நான் போய் நின்றேன்.

"படிக்கத் தெரியுமா?" என்றார் பாய்.

"தெரியாது பாய்."

"எழுத?"

"அதுவும் தெரியாது."

"கையெழுத்து?"

"கட்டை விரல் கீது. வோணும்னா ரெண்டு கையிலயும் போடறேன்."

அந்த இடத்திலேயே வேலை கொடுத்துவிட்டார். பத்தாவது படித்த ஒருவன் எனக்கு முன்னால் நின்றிருந்தான், பாவம், அவனைத் திருப்பி அனுப்பினார்கள். படிப்பு இல்லாததால் போட்டியில் ஜெயித்தவன் இந்த வட்டாரத்திலேயே நான் ஒருவன்தான் என்று தேசம்மாவிடம் போய்ச் சொன்னேன். தேசம்மா என் பெண்டாட்டி. நெட்டுக்குப்பத்துக்காரி. காசிமேட்டில் இறால் உரிக்கப் போய்க்கொண்டிருந்தாள். "அப்போ இத்தினி நாளு உன்ன முட்டாளுன்னு நான் திட்டுனதுக்குத்தான் கவுருமெண்டு சம்பளம் குடுக்குதா?" என்றாள். கவர்மெண்ட் இல்லை, சங்கம் என்று சொன்னேன். "எதுவோ ஒண்ணு. நாளைக்குப் போய் நல்லா முட்டாளாவே இரு" என்றாள்.

அதைத்தான் என்னால் செய்ய முடியாமல் போயிற்று.

கடல் காற்றில் பித்தளை மூன்று மாதத்தில் பச்சை பிடித்துவிடும். ஒரு டோக்கன் வழவழப்பாகவும் ஒன்று சொரசொரப்பாகவும் இருந்தால் அதுவே அடையாளமாகிவிடும். அதனால் குலுக்கலுக்கு முந்தின நாள் எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்ப்பது என் வேலை. நான் தேய்த்து நீட்டுவேன், கணக்கர் பெயரை உரக்கப் படித்துச் சரிபார்த்துப் பையில் போடுவார். காதர், கபாலி, கன்னியப்பன். மூன்றுக்கும் ஒரே தலை. ஓகோ, இதுதான் "க" போலிருக்கிறது என்று ஒருநாள் தோன்றியது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு வேண்டாம் என்றாலும் வந்துகொண்டே இருந்தது. பள்ளிக்கூடத்தில் பிரம்பால் அடித்து வராத எழுத்து, புளியைப் போட்டுத் தேய்க்கத் தேய்க்க விரலில் வந்து ஏறியது. சில வருஷத்தில் கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே யார் டோக்கன் என்று தெரியும் அளவுக்கு ஆகிவிட்டேன். வெளியே மூச்சு விடவில்லை. படிக்கத் தெரிந்தால் வேலை போய்விடும்.

அந்த வேளையில்தான் புதுக் குழு ஆரம்பித்தது. தேசம்மா வந்து பெயர் கொடுத்தாள்.

சங்கத்தில் சம்பளம் வாங்குகிறவன் பெயர் பையில் இருக்கக் கூடாது என்பதும் விதி. ஊருக்கெல்லாம் வீடு எடுத்துக் கொடுத்துவிட்டு நான் கூட்ஸ் தண்டவாளத்தை ஒட்டிய ஒரு அறையில் வாடகைக்கு இருந்தேன். வண்டி போனால் எங்கள் வீட்டுப் பாத்திரமெல்லாம் எங்களுக்கு முன்னால் பேச ஆரம்பித்துவிடும். தேசம்மா எனக்குத் தெரியாமல் இறால் காசைச் சேர்த்துத் திருவொற்றியூர் கடலோரமாக ஒரு கையகல மனை வாங்கியிருந்தாள். பத்திரத்தைக் கொண்டுவந்து பாய் மேசையில் வைத்தாள்.

சங்கத் தலைவர் தெற்கத்திக்காரர், டோல்கேட்டில் மொத்தப் பலசரக்குக் கடை வைத்திருந்த அண்ணாச்சி. அவருக்குத் தயக்கம்.

"என்னவே பாய், டோக்கன் எடுக்கவன் இவன். இவன் பொண்டாட்டி பேரு பைக்குள்ள கிடந்தா நாளைக்கு நாலு பேரு நாலு விதமா சொல்லுவானே."

"துட்டு அந்தப் பொண்ணுது, மனை அந்தப் பொண்ணுது. அவ பேர எழுதி இவன்கிட்ட காட்டுங்க, இது முறுக்கா ஜிலேபியான்னு கேப்பான். இவனால இன்னா ஆவப்போவுது? உடுங்க அண்ணாச்சி" என்றார் பாய்.

எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் பெரிதாகச் சிரித்தேன். முறுக்குக்கும் ஜிலேபிக்கும் வித்தியாசம் தெரிந்து எனக்கு இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அன்று சாயங்காலம் தேசம்மா என்னை மனைக்கு அழைத்துப் போனாள். மனைக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு வரிசைக் குடிசை, ஒரு மண் ரோடு, அதைத் தாண்டி வலை காயப்போடுகிற அகலமான மணல். குதிகாலால் மணலில் கோடு இழுத்து வீட்டைப் போட்டாள்.

"இங்க அடுப்பு. இங்க கக்கூசு, தாப்பா உள்பக்கம். இது நீ படுக்கற எடம், இது நான் படுக்கற எடம்."

"நடுவுல இன்னாத்துக்கு இவ்ளோ தூரம்?"

"உன் கொறட்டைக்கு."

"ஜன்னலு கடல் பக்கம் வெச்சா காத்து வரும்."

"வாணாம். பொறந்ததுலேர்ந்து அத்தையே பாத்துகினு கீறேன். ரோட்டுப் பக்கம் வை. போற வர பஸ்ஸப் பாக்கணும், யாரு எறங்கறா யாரு ஏறறான்னு."

கடலைப் பார்க்கக் காசு கொடுத்து ஊரிலிருந்து வருகிறார்கள், இவள் பஸ்ஸைப் பார்க்க வீடு கட்டுகிறாள் என்று கேலி செய்தேன். ஆனால் அந்தக் கோட்டுக்குள் காலை வைக்காமல் சுற்றிக்கொண்டுதான் வந்தேன். வாசல் எங்கே என்று கேட்டு அந்த வழியாகத்தான் உள்ளே போனேன்.

குலுக்கல் எப்போதும் ஞாயிற்றுக்கிழமை, சங்கத்து மொட்டை மாடியில், பந்தலுக்குக் கீழே. குடும்பம் குடும்பமாக வருவார்கள். பன்னும் டீயும் உண்டு. புதுக் குழுவுக்கு முதல் குலுக்கல் அன்று தேசம்மா கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அண்ணாச்சி பையைக் குலுக்கி நீட்டினார். நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, எல்லோருக்கும் உள்ளங்கையைத் திருப்பிக் காட்டிவிட்டு, உள்ளே விட்டேன்.

தேடவில்லை. சத்தியமாகத் தேடவில்லை. ஒரு டோக்கன் தானாக வந்து விரல் நுனியில் உட்கார்ந்தது. பழக்கதோஷம், கட்டை விரல் அதன் மேல் ஓடியது. முதலில் ஒரு கொம்பு, சுழித்துக்கொண்டு. பிறகு த. பிறகு ச.

முதல் குலுக்கல், முதல் டோக்கன், எடுத்தவனின் பெண்டாட்டி. எதிரில் உட்கார்ந்திருந்த முப்பது குடும்பமும் என்ன நினைக்கும் என்று ஒரு கணத்தில் ஓடியது. எனக்காகப் பேசிய பாயின் முகம் ஓடியது. 

"இன்னா மாமு, உள்ள பிரசவமா நடக்குது? ஜல்தியா எடு" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

விட்டுவிட்டேன். பக்கத்தில் இருந்த வேறொன்றை எடுத்தேன். கொருக்குப்பேட்டையில் சைக்கிள் கடை வைத்திருந்தவர் பெயர். அவர் எழுந்து அழுதுவிட்டார். தேசம்மா கைதட்டினாள். வீட்டுக்கு நடக்கும்போது, "நல்ல மனுசன், நாலு பொண்ணு. நமக்கு அடுத்த தபா வரும்" என்றாள். எனக்கு என்மேல் பெருமையாக இருந்தது, பிள்ளைகளே. அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. அவ்வளவு பெரிய ஆசையைக் கையில் பிடித்துவிட்டு விட்டேனே, நான் எவ்வளவு யோக்கியன் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.

ஆனால் இரண்டு நாளில் பயம் பிடித்தது. இனிமேல் நான் கையை விடக் கூடாது என்று முடிவு செய்து பாயிடம் போனேன். அண்ணாச்சியும் கணக்கரும் அங்கே இருந்தார்கள்.

"பாய், எனக்குப் படிக்க வந்துடுச்சு. குலுக்கலுக்கு வேற ஆளப் பாருங்க."

பாய் கண்ணாடியைக் கழற்றினார். "எப்ப வந்துச்சு? காலையிலயா, டீ குடிச்சப்புறமா?"

"மெய்யாலுமே பாய்."

கணக்கர் அன்றைய பேப்பரை எடுத்துப் போட்டார். எனக்குத் தெரிந்ததெல்லாம் பித்தளையில் விரல் அகலத்துக்குக் குத்திய எழுத்து. பேப்பரிலோ எறும்பு ஊர்வது மாதிரி இருந்தது. வேர்த்து விறுவிறுத்து, எழுத்து எழுத்தாகப் பிடித்து, கடைசியில், "கபாலி..." என்றேன். அங்கே போட்டிருந்ததோ வேறு ஏதோ மந்திரியின் பெயர்.

அண்ணாச்சிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. "ஏல, இவன் அடுத்த வருசம் வக்கீலாயிருவான், பாத்துக்கிடும்." அதற்கு முன்னால் ஒருமுறை எனக்கு ஜப்பான் பாஷை தெரியும் என்று சொல்லி ஒரு வாரம் அவரை நம்பவைத்திருந்தேன். யார் நம்புவார்கள்?

என் தப்பு எது என்று கேட்டால், அங்கேதான். உள்ளே போய் ஒரு டோக்கனை எடுத்து வந்து, கண்ணைக் கட்டிக்கொண்டு தடவிச் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே விஷயம் முடிந்திருக்கும். அது தோன்றாமல் இல்லை. தோன்றியது. வேலை போய்விடும் என்பதும் கூடவே தோன்றியது. அவர்கள் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன். போய் மூன்று டீ வாங்கிக்கொண்டு வந்தேன்.

அடுத்த குலுக்கலில் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கையை விட்டதும் முதலில் அவள் டோக்கனைத் தேடி எடுத்து, பையின் மூலையில் ஒதுக்கி, சுண்டு விரலால் அமுக்கிக்கொள்வது. மற்றதில் கைக்கு வந்ததை எடுப்பது. இப்படிச் செய்தால் ஒரு சந்தேகமும் வராது பாருங்கள். நேர்மைக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்று நினைத்தேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான் ஆசைப்பட்ட வீடு என் சுண்டு விரலுக்குக் கீழே இருக்கும். அரை நிமிஷம். பிறகு விட்டுவிட்டு வெளியே வருவேன்.

அது எப்படி இருக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த அரை நிமிஷத்தில் அடுப்பு, தாழ்ப்பாள், ரோட்டுப் பக்கத்து ஜன்னல் எல்லாம் விரலில் தட்டுப்படும். இப்போதும் சில நாள் தூங்கும்போது சுண்டு விரல் தானாக மடங்கிக்கொள்கிறது. நான் உங்கள் வயதுக்குத் திரும்பிப் போனால் கேட்கப்போவது அந்தப் பந்தல், அந்தப் பன், பாயின் குரல் எதுவும் இல்லை. அந்தப் பையில் இன்னும் ஒரே ஒரு தடவை கையை விடக் கேட்பேன். துழாவாமல் எடுத்துவிடுவேன்.

வருஷம் போனது. ஒவ்வொரு வீடாக எழும்பியது. தேசம்மா எல்லா வீட்டுக் காங்கிரீட்டுக்கும் முதல் ஆளாகப் போய் வரிசையில் நின்றாள். என் கைராசி என்று சொல்லி அவளைக் கிண்டல் செய்வார்கள். "கட்டிகினவனே கைய உட்டு எடுக்கறான், உனக்கு மட்டும் வரமாட்டேங்குதே" என்பார்கள். "அவன் கை அப்டித்தான், எனக்கு ஒரு முழம் பூகூட ஒயுங்கா எடுத்துகினு வந்ததில்ல" என்று சிரிப்பாள். ஒரு தடவைகூட என்னைக் குறைசொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பாய் மட்டும் ஒருமுறை கேட்டார். "முன்ன எல்லாம் கைய உட்டா ஒடனே எடுப்ப. இப்ப இன்னாத்துக்குடா இவ்ளோ நேரம் தொழாவற?"

"வயசாவுது பாய், கைக்கும் மூட்டுவலி" என்றேன்.

இதற்கு நடுவில் கடல் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. முதல் இரண்டு வருஷத்தில் வலை காயப்போடுகிற மணல் போனது. அடுத்து மண் ரோடு பாதியாகத் தின்னப்பட்டு ஒருநாள் முழுசாகப் போனது. பிறகு முன்வரிசைக் குடிசைக்காரர்கள் ஒவ்வொருவராகச் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு உள்ளே தள்ளிப் போனார்கள். லாரியில் கருங்கல் கொண்டுவந்து கொட்டினார்கள். கல் கொட்டிய இடத்தில் கரை நின்றது, எங்கள் பக்கத்துக்குக் கல் வந்து சேரத் தாமதமாயிற்று. தேசம்மா ஞாயிற்றுக்கிழமைதோறும் போய் நின்று பார்ப்பாள். மனை மூலையில் நட்டிருந்த கல்லிலிருந்து தண்ணீர் வரைக்கும் காலடி வைத்து எண்ணுவாள். வந்து என்னிடம் எண்ணிக்கையைச் சொல்வாள், வேறொன்றும் சொல்ல மாட்டாள். "இந்த வாட்டி வந்துட்டாக்கூடப் போதும், கட்டிர்லாம்" என்று மட்டும் ஒருமுறை சொன்னாள்.

அந்த வாட்டி பையில் நான்கே டோக்கன். நான் எடுத்துவிடலாம் என்றுதான் கையை விட்டேன். சாமி சத்தியமாக அப்படித்தான் விட்டேன். ஆனால் இத்தனை வருஷம் அமுக்கிப் பழகிய சுண்டு விரல், என்னைக் கேட்காமல் அதை மூலைக்குக் கொண்டுபோய்விட்டது. இப்போது எடுத்தால் அதுதான் திருட்டு என்று மனசு சொன்னது. இத்தனை நாள் செய்தது என்ன என்று அது சொல்லவில்லை.

அதற்கடுத்த இரண்டு வாட்டியும் அப்படியே போனது. கடைசிக் குலுக்கலில் ஒரே ஒரு டோக்கன். குலுக்கத் தேவையே இல்லை, ஆனாலும் வழக்கத்தை விடக் கூடாது என்றார் அண்ணாச்சி. ஒரு டோக்கன் கிடக்கிற பைக்குள் நான் கையை விட்டுத் துழாவினேன். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். எடுத்து நீட்டினேன். பாய் "தேசம்மா" என்று படித்தார். முப்பது குடும்பமும் எழுந்து நின்று தட்டியது. அவ்வளவு பெரிய கைதட்டல் அந்த மாடியில் அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. சைக்கிள் கடைக்காரர் தன் மூத்த பெண்ணை அழைத்துவந்து தேசம்மா காலைத் தொடச் சொன்னார்.

அடுத்த வாரம் சங்கத்து ஓவர்சீயர் டேப்பை எடுத்துக்கொண்டு பாயோடு மனைக்கு வந்தார். சின்னப் பையன், மரியாதையான பையன். ஒரு முனையை மூலைக் கல்லில் நான் பிடித்துக்கொண்டேன். அவர் மறு முனையோடு நடந்தார், பத்தடிகூடப் போகவில்லை, செருப்பு நனைந்துவிட்டது. திரும்பி எங்களைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், டேப்பைச் சுருட்டிக்கொண்டே வந்தார்.

"இங்க கட்ட முடியாதுங்க. அனுமதியும் தர மாட்டாங்க, கட்டினாலும் நிக்காது."

தேசம்மா, "ஒரு ரூமு மட்டும்?" என்றாள்.

அவர் டேப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவள் தலையை ஆட்டிக்கொண்டு, மூலைக் கல்லின் மேல் போய்க் குந்திக்கொண்டாள்.

பாய் என்னைத் தள்ளி அழைத்துப்போனார். 

"அன்னிக்கு வந்து, படிக்க வந்துடுச்சுன்னு சொன்னியே. அது மெய்யா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எத்தினி தபா அவளது உன் கைல வந்துச்சு?"

"தானா வந்தது ஒரு தபாதான் பாய். மொத தபா."

 என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீ அவளுக்கு எடுத்துக் குடுத்திருந்தா கோல்மாலுன்னு நானே உன்னத் தொரத்தியிருப்பேன்" என்றார். "அவளுக்குன்னு வந்தத நீ தள்ளிவுட்டியே, அதுவும் கோல்மாலுதான்டா. உன் பேரு கெடக் கூடாதுன்னு அவ வூட்டக் குடுத்துட்ட." பிறகு, "அன்னிக்கு சிரிச்சது நாங்க. அதுல எனக்கும் பங்கு கீது" என்றார். அதற்குப் பிறகு ஒருநாளும் அதைப் பற்றி அவர் பேசவில்லை. அடுத்த குழுவிலிருந்து குலுக்கலில் கை விடுகிற வேலையை என்னிடமிருந்து எடுத்துவிட்டார். காரணம் யாரிடமும் சொல்லவில்லை. என்னை டீயோடு நிறுத்திக்கொண்டார். இப்போது அவர் இல்லை. ராயபுரம் பக்கம் போனால் அவர் இருந்த தெரு வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போகிறேன்.

உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். உங்கள் மாமன் மகன் மனு வரும், உங்கள் தெருக்காரி மனு வரும். யாரும் எதுவும் சொல்லிவிடக் கூடாது என்று அதை மட்டும் அடியில் வைப்பீர்கள். மற்றவரிடம் கேட்காத ஒரு காகிதத்தை அவரிடம் மட்டும் கேட்பீர்கள். அன்று சாயங்காலம் உங்கள்மேல் உங்களுக்குப் பெருமையாக இருக்கும். அந்தப் பெருமை வந்தால் உடனே எழுந்து போய் அந்த மனுவை வேறொருவர் கையில் கொடுத்துவிடுங்கள். அவர் சிரித்தாலும் விடாதீர்கள்.

தேசம்மா போட்ட பணத்தைச் சங்கம் ஒரு பைசா குறையாமல் திருப்பிக் கொடுத்தது. இடம் வாங்க அது போதாது, விலையெல்லாம் எங்கேயோ போயிருந்தது. தண்டையார்பேட்டையில் இந்த மூன்றாவது மாடி வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்து வந்துவிட்டோம். இந்த ஜன்னலில் இருந்து பார்த்தால் பக்கத்துக் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டி தெரியும்.

அளந்து முடித்த அன்று நாங்கள் இரண்டு பேரும் திருவொற்றியூர் பஸ் ஸ்டாப்பில் நின்றோம். நாலைந்து பஸ் வந்து போயிற்று, அவள் ஏறவில்லை. யார் இறங்குகிறார்கள், யார் ஏறுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"ஒண்ணு கேக்கறேன், வெளாடாம சொல்லு. இத்தினி வருசத்துல என் டோக்கனு ஒரு தபாகூட உன் கைல படவேல்லியா?"

எனக்குப் படிக்கத் தெரியும் என்று அவளுக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். பார்த்துவிட்டு என்ன சொன்னேன் என்றால்...

"யோவ்."

கீழே இருந்து. அவள்தான்.

"யோவ், காது கேக்கல? எறங்கி வா. பை கனமா கீது, முட்டி மடங்கவே மாட்டேங்குது."

ரேவதி, போனை அணைத்துவிடு. இல்லை, இருக்கட்டும், பேசியது பேசியதுதான். ஆனால் நாளைக்கு நான் வந்து சொல்கிற வரைக்கும் இதை அச்சுக்கு அனுப்பாதே. மலர் வந்தால் யாராவது அவளுக்குப் படித்துக் காட்டிவிடுவார்கள். மூன்று மாடி ஏற அவளுக்கு ரொம்ப நேரமாகும். ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்துதான் எழுந்திருப்பாள். நானே அவளிடம் சொல்லிவிட அந்த நேரம் எனக்குப் போதும்.

"தோ வரேன் தேசம். அங்கியே நில்லு, தனியா ஏறாத."